கோட்டுக்கு அப்பாவின் அளவு

துணிப் பையைக் கையிலிருந்து வாங்கும்போதே 'பத்தாது' என்று சொல்லிவிடுவார். உள்ளே எத்தனை மீட்டர் இருக்கிறது, யாருக்கு, எப்போது வேண்டும், ஒன்றும் கேட்பதில்லை. ஒருமுறை என் நண்பன் அவர் கடை மேசைமேல் வைத்த பை துணிப் பையே இல்லை. மாமியார் வீட்டுக்கு வாங்கிப் போன மைசூர்பாகு. அதைச் சொன்ன பிறகும் அவர் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் பத்தாது" என்றார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டிலோ சர்ச் பதிவிலோ எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவர் மாஸ்டர். திருப்பூரில் கத்திரி பிடித்தவரெல்லாம் மாஸ்டர்தான் என்பதால், அடையாளத்துக்குக் கோட்டு மாஸ்டர். அவர் இல்லாத இடத்தில் பத்தாது மாஸ்டர்.

கடை, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. தூத்துக்குடிக்கும் தெற்கே ஏதோ ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். தையல் தெரிந்தால் திருப்பூரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி மனைவி மக்களோடு ரயிலேறியிருக்கிறார். ஒரு கம்பெனியில் பனியனுக்குக் கழுத்துப்பட்டி அடிக்க உட்கார வைத்தார்கள். அன்றைக்கு முழுவதும் கழுத்து. மறுநாளும் கழுத்து. "ஒடம்பு எப்பம் வரும்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறார். உடம்பு அடுத்த லைனில் போகிறது, அது உங்கள் வேலை இல்லை என்றார்கள். கழுத்தை மட்டும் தைத்துக்கொண்டு காலம் தள்ள என்னால் முடியாது என்று எழுந்து வந்துவிட்டார்.

அவர் நேரம் நன்றாக இருந்தது. எக்ஸ்போர்ட்டில் காசு புரண்ட காலம். நேற்று வரைக்கும் வேட்டி சட்டையோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டவர்களெல்லாம் ரிசப்ஷன் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ரிசப்ஷன் என்றால் மாப்பிள்ளைக்குக் கோட்டு வேண்டும். சித்திரை வெயிலில், மண்டபத்து மேடையில், ஃபோகஸ் லைட்டுக்கு நேராக, வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றால்தான் அவன் மாப்பிள்ளை. ஆனால் வெளிநாட்டுக்காரன் முதுகையெல்லாம் பனியனால் மூடிய ஊரில், உருப்படியாக ஒரு கோட்டுத் தைக்க ஆள் கிடையாது. மாஸ்டர் ஒரு போர்டுகூட வைக்கவில்லை. கூட்டம் தானாகப் படியேறியது.

அந்தக் கூட்டத்தை அவர் நடத்திய லட்சணம்தான் பேச்சாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தெருநாயை விரட்டும்போதுகூட 'போங்க' என்று சொல்லக்கூடியவர்கள். இவர் வந்தவரையெல்லாம் 'வே' என்றார். "நில்லும் வே. கைய விரியும் வே. மூச்சப் பிடிக்காதயும், வயிறு இருந்தா இருக்கட்டும்." இரண்டு கம்பெனி வைத்திருக்கும் முதலாளி, மறுபேச்சில்லாமல் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

நான் முதன்முதலாக அவரிடம் போனது கல்யாணம் நிச்சயமான பிறகு. சோமனூரில் பெண். கோட்டுத் துணி பெண் வீட்டில் எடுத்துத் தருவது வழக்கம் என்பதால், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். நான் அப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு ஆர்டரை முடித்து அனுப்புகிற ஆள். எங்கள் தொழிலில் துணிக்கு மீட்டர் கிடையாது. நூல் கிலோ, துணி கிலோ, சாயம் போட்டு வருவது கிலோ. வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், ஒரு கோட்டுக்கு எத்தனை கிலோ ஆகுமுங்க?"

மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"எலும்போடயா, எலும்பில்லாமயா?" என்றார்.

அங்கே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். "மீட்டர்லயே சொல்லிருங்க" என்றேன். அப்போதும் சொல்லவில்லை. "ஒம்ம அப்பாவக் கூட்டிட்டு வாரும். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

இதுதான் அவருடைய முறை. வேறு எந்த ஊர்த் தையல்காரரும் இப்படி ஒரு வேலை செய்து நான் கேள்விப்பட்டதில்லை. கோட்டு மாப்பிள்ளைக்கு. துணி எவ்வளவு என்று முடிவு செய்வது மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து. காரணம் கேட்டால் கத்திரியை ஆட்டிக்கொண்டு விளக்குவார்.

"கோட்டு ஒரு நாள் மேடையில நிக்கதுக்கு மட்டுமா வே? ஆயுசுக்கும் கெடக்கும். இன்னைக்கு நீரு ஓணான் மாதிரி இருக்கீரு. நாளைக்கு என்ன ஆவீருன்னு ஒமக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒம்ம அப்பா ஒடம்புக்குத் தெரியும்."

அப்பாவின் தொந்தியை அளந்து, அதற்கு வேண்டிய துணியைக் கணக்குப் போட்டு, மாப்பிள்ளையின் இன்றைய உடம்புக்குத் தைத்துவிட்டு, மீதியைத் தையலுக்குள் மடித்து வைத்துவிடுவார். பிற்பாடு வயிறு வந்து சேரும்போது பிரித்து விட்டுக்கொள்ள வேண்டியதுதான். சாதாரணமாக இரண்டு மீட்டரில் முடிகிற கோட்டுக்கு இவர் இரண்டே முக்கால் கேட்பது இதனால்தான்.

அப்பா இறந்துபோனவர்களையும் அவர் விடவில்லை. ஒரு மாப்பிள்ளை, பாவம், அப்பாவின் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தான். சந்தன மாலை போட்ட படம். மாஸ்டர் வாங்கிக் கும்பிட்டார். பிறகு, "இந்த மாலையக் கொஞ்சம் ஏத்திப் பிடியும், வயிறு மறைக்கு" என்றார். பையன் பிடித்தான். படம் மார்போடு முடிந்திருந்தது. "முழுப் படம் ஒண்ணு கொண்டு வாரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவன் அப்பாவோடு வந்தான். பையனின் வயிறு அப்பாவைவிட இரண்டு சுற்றுப் பெரிது. மாஸ்டர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நீரு இவரத் தாண்டிட்டீரு. பெரியப்பா யாரும் இருந்தாக் கூட்டிட்டு வாரும்" என்றார்.

இவ்வளவு சொன்னதால் அவரை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்கிற துணி எல்லாம் கோட்டுக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பம் சர்ச்சுக்குப் போவதைப் பார்த்தால் அந்த வருஷம் திருப்பூரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது என்று தெரிந்துகொள்ளலாம். மூத்தவன் கால்சட்டை ஒரு சாயப்பட்டறை முதலாளி மகனுடைய கோட்டு. சின்னவன் கால்சட்டை ஒரு டாக்டருடையது. மனைவியின் பைபிள் உறைகூட யாரோ ஒரு மாப்பிள்ளைதான். கேட்க ஒருவர் படியேறி வந்திருக்கிறார்.

"ஏனுங்க, எங்கூட்டுக் கோட்டுத் துணி உங்க பையன் மேல இருக்குதுங்களே?"

"ஒம்ம கோட்டு ஒமக்கு இறுக்கிப் பிடிக்கா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க."

"பொறவு என்ன? ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே இருக்கு."

வந்தவர், சரிதானுங்க என்று இறங்கிப் போனார்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருந்தார். பெரிய கம்பெனிகள் தரும் துணியை வெட்டித் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க். எங்கள் கம்பெனி ஆர்டர் ஒன்று அவருக்குப் போயிருந்தது. பீஸ் செக்கிங்குக்கு வந்தபோது பார்த்தவன் நான். முன்பக்கத்துக்கு ஒரு லாட், முதுகுக்கு ஒரு லாட். சாயப்பட்டறையில் ஒரே கலர் என்றாலும் ஒவ்வொரு தடவை போடும்போதும் நூலிழை வித்தியாசம் வந்துவிடும். அதனால் ஒரு லாட் துணியை இன்னொரு லாட்டோடு கலக்கவே கூடாது. அப்பாவின் கட்டிங் மாஸ்டர் கலந்துவிட்டார். நான் பெட்டிமேல் மார்க்கரால் ரிஜெக்ட் என்று எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். வெளிநாட்டுப் பையருக்கு என் அப்பா யாரென்று தெரியாது.

அப்பா அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சை. ஒரே வீட்டில் இருந்தோம். "அவனைச் சாப்படச் சொல்லு" என்பார் அம்மாவிடம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அவரச் சாப்படச் சொல்லுங்கம்மா" என்பேன் நான். அம்மா இருவருக்கும் நடுவில் சட்டியோடு நிற்பாள். கல்யாணத்துக்குள் அந்த மனிதர் வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது இருந்த ஆசை. பத்திரிகை, மண்டபம், சமையல் எதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. ஆனால் அதை நானாகக் கேட்பதாக இல்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மாஸ்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே அப்பாவைக் கூட்டிவரச் சொன்னதும், அப்பா ஊரில் இல்லை என்றேன். வந்ததும் வாரும் என்றார். அப்பா ஒல்லி என்றேன். அதை நான் பார்த்துக்கிடுதேன் என்றார். அம்மாவிடம் வந்து புலம்பினேன். அம்மா என்ன சொல்லி அனுப்பினாளோ, அடுத்த வாரம் அளவு கொடுக்கப் போன அன்று, அப்பா எனக்கு முன்னால் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. கைய விரிங்க" என்றார் மாஸ்டர்.

அப்பா எழுந்து விரித்தார். மாஸ்டர் நாடாவைச் சுற்றினார். ஒரு சுற்றில் நாடாவின் முனை தெரியாமல், குனிந்து தேடி எடுத்தார்.

"இது எப்பம் வந்தது?"

"கல்யாணமாயி ரெண்டு மூணு வருசத்துலீங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி இவன மாதிரித்தானுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைச் சுட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு, சாப்பாட்டைத் தாண்டி என்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. அதுவும் மாஸ்டரிடம்.

"அப்பம் ரெண்டே முக்கா" என்றார் மாஸ்டர்.

"எதுக்குங்க?" என்றேன் நான். "ரெண்டு மீட்டர் போதுமுங்க. நான் அவர மாதிரி ஆக மாட்டனுங்க."

"ஆமாங்க, போதுமுங்க" என்றார் அப்பா. "அவன் எங்கூட்டு ஆளுக மாதிரி இல்லீங்க. கம்பெனி ஆளு."

வெகுநாள் கழித்து நானும் அப்பாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த இரண்டு மீட்டர்தான். மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே மாதிரி இடுப்பில் கைவைத்து, ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

"மூக்கு ஒண்ணு, முழி ஒண்ணு, முறைப்பும் ஒண்ணு. வயிறு மட்டும் வேறயா வரும்? ரெண்டு பேரும் சேந்து என்ட்ட பொய் சொல்லுதீங்க" என்றார். "ரெண்டு மீட்டர் பத்தாது."

பெண் வீட்டாரிடம் இரண்டு மீட்டர் என்றே சொன்னேன். கோயம்புத்தூரில் நேவி புளூவில் நல்ல துணியாக எடுத்துக் கொடுத்தார்கள். கடையில் போய்க் கொடுத்தேன். மாஸ்டர் வாங்கும்போது சொன்ன வார்த்தையை நான் எழுத வேண்டியதில்லை.

கோட்டு அற்புதமாக வந்தது. தோளில் வைத்த மாதிரி உட்கார்ந்தது. போட்டுப் பார்த்த கையோடு அவரைச் சீண்டினேன். "என்னங்க மாஸ்டர், ரெண்டு மீட்டர் பத்திருச்சுங்களே?"

அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ம்" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து அத்தனை சின்ன பதில் வந்து நான் பார்த்ததில்லை. தோல்வியை ஒத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். ரிசப்ஷனில் அப்பா எனக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க என்றார். ஃபோட்டோக்காரரிடம் பேசினார், மைக்செட்காரரிடம் பேசினார். என்னிடம் மட்டும் பேசவில்லை. சாப்பிடும்போது இலையில் உப்பு வைக்க வந்தவனிடம், "மாப்பளையக் கொஞ்சம் வேர்வையத் தொடைக்கச் சொல்லுப்பா" என்றார். நான் துடைத்துக்கொண்டேன்.

பேச்சு வந்தது, பேரன் பிறந்த பிறகு. அதுவும், நாங்கள் தனிக்குடித்தனம் வந்துவிட்டதால், போனில், பேரனைப் பற்றி மட்டும். பையன் சாப்பிட்டானா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா, பையனை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறாயா. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் போனை வைத்துவிடுவோம்.

சில வருஷங்கள் கழித்து, வெளிநாட்டில் பையரைப் பார்க்கக் கம்பெனி என்னை அனுப்பியது. கோட்டுப் போட்டாக வேண்டும். பீரோவில் உறைக்குள் தொங்கியதை எடுத்துப் போட்டேன். பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. வயிறு வந்துவிட்டிருந்தது, மாஸ்டர் சொன்னபடி. கோட்டைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிக்குப் போனேன்.

மாஸ்டர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தார்.

"வந்துட்டுல்லா?" என்றார், ஊரிலிருந்து விருந்தாளி வந்த மாதிரி.

"வந்துருச்சுங்க" என்றேன்.

கோட்டை ஜன்னலோரம் மேசையில் விரித்துப் பக்கத் தையலைப் பிரித்தார். பகல் வெளிச்சம் நேராக விழுந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த துணி இரண்டு பக்கமும் தாராளமாக வெளியே வந்தது. முன்பக்கத்துத் துணியும் முதுகுத் துணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என் தொழில் என்னை விடாது. முன்பக்கம் நேவி. முதுகும் நேவிதான், ஆனால் ஒரு பொட்டு சிவப்போடியது. ஊரார் பீஸையெல்லாம் இதற்காகவே திருப்பி அனுப்புகிறவன், சொந்த முதுகில் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கிறேன். ராத்திரி மேடையில் போட்டு, உறையில் மாட்டிய கோட்டு. நான் எப்போது அதன் முதுகைப் பார்த்தேன்?

"மாஸ்டர், முன்னுக்கு ஒரு லாட்டு, முதுகுக்கு ஒரு லாட்டு. யாரு துணிய என் முதுகுல வெச்சுத் தெச்சீங்க?" எனக்குக் கோபம். சாயப்பட்டறை முதலாளி மகனோ டாக்டரோ யாரோ ஒருவனைத்தான் என் முதுகில் ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார்.

"ஒம்ம துணிதான் வே. ஒம்ம அப்பா கொண்டாந்தது."

நான் துணி கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலையில் அப்பா வந்திருக்கிறார். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கத்திரித்து வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, அதே கடையைத் தேடிப் போய், சாயங்காலம் ஒரு மீட்டரோடு திரும்பி வந்திருக்கிறார்.

"லாட்டு வேறன்னு கடைக்காரன் சொன்னானாம். முதுகுக்கு வச்சிருங்க, தெரியாதுன்னாரு. 'எங்கூட்டு வயிறு அவனுக்கு வராம எங்கீங்க போகும், அந்தக் கிறுக்கனுக்குத் தெரியல' அப்படின்னாரு. ஒம்மட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லல."

ஊரில் ஒருவர் வயிற்றையும் விட்டுவைக்காமல் பேசிய அந்த வாய், இதை மட்டும் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்பாமேல் வந்ததையும்தான். அழுகை முட்டியது. அழவில்லை. அந்த ஆள் முன்னால் அழுதால் அதையும் பத்தாது என்பார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பையன் எங்க?" என்றார், எடுத்ததும்.

"பள்ளிக்கொடம் போயிருக்கறானுங்க. நான் கோட்டு மாஸ்டர் கடையில இருக்கறனுங்கப்பா. கோட்டப் பிரிச்சுப் பாத்தனுங்க. முன்னுக்கு ஒரு லாட்டு, முதுகுக்கு ஒரு லாட்டா இருக்குதுங்க."

மறுமுனையில், ஓடிக்கொண்டிருந்த யூனிட் மிஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"அப்பறம் என்ன, ரிஜெக்ட்டா?" என்றார்.

"இல்லீங்கப்பா. சாயங்காலம் போட்டுட்டு அங்க வாரனுங்க. பாருங்க."

"வா. முதுகுக்கு முக்கா மீட்டருதான ஆகும். நான் குடுத்தது ஒரு மீட்டரு. மீதி கால் மீட்டரு எங்கீன்னு அந்தாளக் கேட்டுட்டு வா" என்றார்.

அப்பா போனில் பேசுவது பக்கத்துத் தெருவரை கேட்கும். மாஸ்டருக்கும் கேட்டது. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில், அழுந்தித் தேய்ந்து, நேவி புளூவில் ஒரு மெத்தை இருந்தது. ஒரு பொட்டு சிவப்போடிய நேவி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தவர், கொஞ்சம் நகர்ந்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"பத்தலன்னு சொல்லும் வே" என்றார்.